கை போட்ட கட்டமும் யந்திரம் போட்ட கட்டமும்

காலைக் காப்பி வருகிறது. கூடவே பத்திரிகையும் வருகிறது. தலைப்புச் செய்தியை யார் முதலில் படிப்பது என்று வீடுகளில் சண்டை நடந்தது ஒரு காலம். இப்போது பல வீடுகளில் சண்டை சுடோகுப் பக்கத்துக்காக நடக்கிறது. மாமனார் படித்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கும் மருமகள்கூட, அந்த மூலையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி அடுக்களை அலமாரியில் பத்திரப்படுத்தி விடுகிறாள். பிறகு மாமனார் பத்திரிகையைப் பிரித்தால் அதில் ஒரு ஜன்னல்! ஜன்னல் வழியே மாமியாரின் முகம் தெரிகிறது!

சுடோகு தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒன்பதுக்கு ஒன்பதாக 81 அறைகள் கொண்ட கட்டம். சில அறைகளில் எண்கள் கொடுத்திருப்பார்கள். மற்ற அறைகளை 1 முதல் 9 வரையுள்ள எண்களால் நிரப்ப வேண்டும். குறுக்கு வரிசையிலோ, நெடு வரிசையிலோ, மூன்றுக்கு மூன்றான சின்னப் பெட்டியிலோ எந்த எண்ணும் இரண்டு தடவை வரக் கூடாது. அவ்வளவுதான். பூஜை அறையில் குபேர கோலம் போடுகிறவர்களுக்கு எண் கட்டம் புதிதல்ல. அதில் 20 முதல் 28 வரை ஒன்பது எண்கள், எந்தப் பக்கம் கூட்டினாலும் 72. சுடோகுவில் அந்தக் கூட்டல்கூடக் கிடையாது. எண்களுக்குப் பதில் ஒன்பது காய்கறிகளின் படத்தைப் போட்டாலும் புதிர் அதேதான். "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்கி நிற்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தனை ஆசையாகப் போட்டு முடிக்கிறோமே, இந்தக் கட்டத்தை ஆக்கியவர் யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? பெரும்பாலான நாட்களில் அதற்குப் பதில், "யாருமில்லை" என்பதுதான். கம்ப்யூட்டர் ஆக்கியது. வாசலில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கோலத்தை யார் போட்டார்கள் என்று கேட்பது போலத்தான். ஆனால் உலகத்தில் இன்னும் சிலர் பென்சிலும் அழிரப்பரும் வைத்துக்கொண்டு கையாலேயே சுடோகு ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். இண்டர்நெட்டில் போட்டிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், கை போட்டது உயர்ந்ததா, யந்திரம் போட்டது உயர்ந்ததா என்று புதிர்ப் பிரியர்கள் நடுவே பெரிய விவாதமே நடக்கிறது.

விவாதத்தின் வேரைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜப்பான் பெயர் இருப்பதால் இது ஜப்பானில் பிறந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிறந்தது அமெரிக்காவில். ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர், ஓய்வு பெற்ற பின் ஆக்கிய புதிர் இது. 1979-ல் டெல் என்ற புதிர்ப் பத்திரிகையில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. அதன் கீழே அவர் பெயர் இல்லை. பல வருஷங்கள் கழித்து வில் ஷார்ட்ஸ் என்ற புதிர் ஆசிரியர் பழைய இதழ்களைப் புரட்டி, இந்தப் புதிர் வந்த இதழ்களில் எல்லாம் பங்களித்தோர் பட்டியலில் கார்ன்ஸின் பெயர் இருப்பதைக் கவனித்துத்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தார். கார்ன்ஸ் 1989-லேயே காலமாகிவிட்டார். தம்முடைய கட்டம் உலகத்தையே ஆட்டி வைக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

ஜப்பானுக்கு அது போனது 1984-ல். நிக்கோலி என்ற புதிர்ப் பத்திரிகையை நடத்திய மாக்கி காஜி என்பவர் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்தார். 'எண்கள் பிரமசாரிகளாகவே இருக்க வேண்டும்' என்பது அதன் பொருள். அதைச் சுருக்கியதுதான் சுடோகு. மனிதர் குதிரைப் பந்தயப் பைத்தியம். நிக்கோலி என்பதே ஒரு பந்தயக் குதிரையின் பெயர். பந்தயத்துக்குப் போகும் அவசரத்தில் சில விநாடிகளில் வைத்த பெயர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரமசாரி விரதத்தைப் பற்றி அப்படி அவசரமாக முடிவு செய்தவர் வேறு யாரும் இருக்க முடியாது! 2021-ல், 69-ஆம் வயதில் காஜி காலமானார்.

பெயரைவிட முக்கியமானது 1986-ல் நிக்கோலிக்காரர்கள் செய்த ஒரு காரியம். கொடுக்கப்படும் எண்கள் 32-க்கு மேல் போகக் கூடாது. அவை கட்டத்தில் சமச்சீராக உட்கார வேண்டும், அதாவது பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் எண் இருக்கும் அறைகளின் அமைப்பு மாறக் கூடாது என்று விதி செய்துகொண்டார்கள். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தச் சமச்சீரின் அழகைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. அதோடு, கட்டங்களை மனிதர்களே ஆக்குவது என்பதும் அவர்கள் வழக்கமாயிற்று. ஆக்கியவர்களில் பலர் அந்தப் பத்திரிகையின் வாசகர்கள்தான்.

யந்திரம் நுழைந்தது வேறு வழியாக. வேய்ன் கௌல்ட் என்று ஒருவர், நியூஸிலாந்துக்காரர். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1997-ல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் இந்தக் கட்டத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். ஆறு வருஷம் உட்கார்ந்து, சுடோகு ஆக்கித் தள்ளும் கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றை எழுதி முடித்தார். 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அவர் புதிரை வெளியிட்டது. மறு வருஷம் பிரிட்டன் முழுவதும் சுடோகு ஜுரம்! கௌல்ட் பத்திரிகைகளுக்குப் புதிரை இலவசமாகவே கொடுத்தார். பதிலுக்குத் தம்முடைய திட்டத்துக்கு விளம்பரம் கிடைத்தால் போதும் என்றார். உடனே போட்டிப் பத்திரிகையான 'கார்டியன்' நிக்கோலியிடமிருந்து கட்டங்களை வாங்கி, "எங்களுடையது கையால் செய்தது" என்று பெருமை அடித்துக்கொண்டது. கைமுறுக்குக்கும் மிஷின் முறுக்குக்கும் நடக்கிற வியாபாரச் சண்டையேதான்!

சண்டை இருக்கட்டும். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

யந்திரம் செய்கிற விதத்தைப் பாருங்கள். முதலில் 81 அறைகளையும் சரியாக நிரப்பிவிடுகிறது. அப்படி நிரப்பிய கட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை; 2005-ல் இரண்டு பேர் கணக்குப் போட்டு, மொத்தம் எத்தனை என்று 22 இலக்கம் உள்ள ஓர் எண்ணைச் சொன்னார்கள். நிரப்பிய கட்டத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கிறது. இன்னும் ஒரே விடைதான் வருகிறதா என்று பார்க்கிறது. வந்தால் இன்னொன்றை எடுக்கிறது. எடுத்தால் இரண்டு விடை வந்துவிடும் என்ற நிலை வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கட்டடத்தைக் கட்டி முடித்து, விழாமல் நிற்கிற வரைக்கும் செங்கல்லை உருவிக்கொண்டே போவது போன்ற வேலை.

கையால் ஆக்குகிறவர் நேர் எதிர் வழியில் போகிறார். வெறும் கட்டத்தில், எண் வர வேண்டிய அறைகளை முதலில் அழகாகக் குறித்துக்கொள்கிறார். பிறகு ஒவ்வோர் எண்ணாக வைக்கிறார். இங்கே 5 வைத்தால், போடுகிறவள் அடுத்தபடி எங்கே பார்ப்பாள்? அந்த வரிசையைப் பார்ப்பாள். சரி, அங்கே அவளுக்கு ஓர் எண் கிடைக்கட்டும். உடனே கிடைத்தால் அலுத்துவிடுமே. இரண்டு இடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்க வேண்டும்... இப்படி நம்மோடு கூடவே நடந்து வருகிறார். கதவு எங்கே, சன்னல் எங்கே, மாடிப்படி எங்கே என்று யோசித்து வீடு கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரியம் இருக்கும்.

எதிர் வீட்டு மாமி பல வருஷமாக நாள் தவறாமல் சுடோகு போடுகிறவர். நிக்கோலிப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தபோது, ஒரு கட்டத்தை மட்டும் பிரதி எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவரிடம் நீட்டினேன். மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்து நிமிஷம் போட்டார். திடீரென்று சிரித்தார்.

"ஏண்டி, இந்த மனுஷன் 7-ஐ வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்காண்டி!" என்றார்.

"எந்த மனுஷன், மாமி?"

"இதைப் போட்டவன்தான்! மேல மூணு 7-ஐக் காட்டி என்னை அங்கேயே பார்க்க வெச்சுட்டு, கீழே மூலையில ஒண்ணை வெச்சிருக்கான், கள்ளன்!"

தினம் பத்திரிகையில் வரும் கட்டத்தைப் பற்றி மாமி ஒரு நாளும் 'அவன்' என்றோ 'இவன்' என்றோ பேசி நான் கேட்டதில்லை. "இன்னிக்கு வந்தது கஷ்டம்", "இன்னிக்கு வந்தது சுலபம்" என்று வெயில் மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார். (அடுத்த வாரம், கம்ப்யூட்டர் போட்ட கட்டம் ஒன்றை நீட்டினேன். "இதுவும் அந்தக் கள்ளன் போட்டதுதானே?" என்று கேட்டார். அதையும் சொல்லாமல் விட்டால் தர்மம் ஆகாது.)

இனி போட்டிகளுக்கு வருவோம். லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா என்ற அமைப்பு நம் நாட்டில் இண்டர்நெட் வழியாகச் சுடோகுப் போட்டி நடத்துகிறது. 'சுடோகு மகாபாரத்' என்று பெயர். நல்ல வேளை, 'பஸில் ராமாயண்' என்று இன்னொன்றும் இருக்கிறது. மருமகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்! வீட்டிலிருந்தபடியே பல சுற்றுகள் போட்டு, முன்னேறுகிறவர்கள் நேரில் கூடும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். உலகப் புதிர்க் கூட்டமைப்பும் இண்டர்நெட்டில் 'கிராண்ட் பிரீ' என்று சுற்றுகள் நடத்துகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு நாட்டுக்காரர்கள் கட்டம் ஆக்கிக் கொடுக்கிறார்கள். உலகச் சாம்பியன் போட்டி நம் நாட்டிலேயே இரண்டு தடவை நடந்திருக்கிறது: 2008-ல் கோவாவில், 2017-ல் பெங்களூரில். 2006-ல் இத்தாலியின் லூக்கா நகரில் நடந்த முதல் போட்டியில் ஜெயித்தவர் யார் தெரியுமா? செக் நாட்டைச் சேர்ந்த யானா டைலோவா என்ற பெண்மணி. கணக்கு எழுதும் உத்தியோகம். ஹார்வர்டில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாமஸ் ஸ்னைடரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலிடம் வாங்கினார்.

வீட்டில் காப்பியோடு போடும்போது, கட்டம் எப்படி ஆக்கியது என்பது ரசனை விஷயம். போட்டியிலோ அது நியாய அநியாய விஷயமாகிவிடுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

கவனமில்லாமல் யந்திரம் உருவிப்போட்ட கட்டத்தில் என்ன நடக்கும்? இருபது எண்கள் மளமளவென்று விழும். பிறகு சட்டென்று ஒரு முட்டுச்சந்து. அதைத் திறக்க வேண்டுமானால் நாலைந்து அறைகளைச் சங்கிலி போலக் கோத்துப் பார்க்கிற நுட்பம் ஒன்று வேண்டும். கடிகாரம் ஓடுகிறது; அதை யார் தேடுவார்கள்? 3 அல்லது 8 என்று இரண்டே எண்களுக்கு இடமுள்ள ஓர் அறையைப் பிடித்து, 3 என்று வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் கட்டம் முடிந்தது. தப்பாக இருந்தால் பாதி வழி போய், இடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப வேண்டும். பூவா தலையா போட்டதில் பூ விழுந்தவருக்குப் பரிசு. தலை விழுந்தவருக்கு அழிரப்பர் தூள்! மாதக் கணக்கில் பயிற்சி செய்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் வந்து உட்கார்ந்து போட்டி போடுகிற ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்?

நல்ல போட்டிக் கட்டம் ஆக்குகிறவர் அந்த முட்டுச்சந்தை வைக்கவே மாட்டார் என்று சொல்லவில்லை. வைத்தால், பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தெரியும்படி வைப்பார். ஊகித்துப் பார்ப்பதைவிட யோசித்துப் பார்ப்பது சீக்கிரம் முடியும்படி அமைப்பார். வேறு சிலர் அதை முன்கூட்டியே போட்டுப் பார்த்து, ஆகிற நேரத்தை வைத்து இந்தக் கட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று தீர்மானிப்பார்கள். லூக்காவில் இரண்டாவதாக வந்த அதே ஸ்னைடர் பிறகு மூன்று தடவை உலகச் சாம்பியன் ஆனார். இப்போது கையால் ஆக்கிய புதிர்களை வெளியிடுவதையே ஒரு விரதமாக வைத்துக்கொண்டிருக்கிறார். பந்தயத்தில் ஓடி ஜெயித்தவரே பாதை போட வந்திருக்கிறார் என்றால் அதில் விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

அதற்காக யந்திரத்தைத் திட்டித் தீர்க்கவும் எனக்கு மனசு வரவில்லை. கை என்றால் தப்பும் வரும். 2005-ல் பிரிட்டனில் ஒரு டெலிவிஷன் நிறுவனம், உலகத்திலேயே பெரிய சுடோகு என்று விளம்பரம் செய்து, குன்றுச் சரிவில் ராட்சதக் கட்டம் ஒன்றை வெட்டி வைத்தது. கடைசியில் பார்த்தால் அதற்கு ஒரு விடையல்ல, 1,905 விடைகள்! ஒரு கம்ப்யூட்டரிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் எச்சரித்திருக்கும். குறைந்தது எத்தனை எண் கொடுத்தால் ஒரே விடை வரும் என்ற கேள்விக்கு 17 என்று 2012-ல் முடிவு சொன்னார்களே டப்ளின் பல்கலைக் கழகக் கல்லூரியில், அதுவும் கம்ப்யூட்டர்களை மாதக் கணக்கில் ஓட்டித்தான். இன்றைக்குக் கையால் ஆக்குகிறவர்களில் பலர், விடை ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வேலையை யந்திரத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். மாவை மிஷினில் அரைத்து முறுக்கைக் கையால் சுற்றுவதில் என்ன குற்றம்? யந்திரம் ஆயிரம் கட்டம் போட்டுத் தள்ளி, ரசனை உள்ள ஒருவர் அத்தனையும் போட்டுப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தால், அதைக்கூடப் பாதி கைவேலை என்று ஒப்புக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். கண்டுபிடித்தோ பொறுக்கியோ கொடுத்தவர் பெயரைக் கீழே போட வேண்டும், அவ்வளவுதான். இலவசமாகக் கொட்டுகிற யந்திரம் இருக்கும்போது, ஒரு கட்டத்துக்கு மணிக்கணக்காக உட்காருகிறவருக்குப் பெயராவது மிஞ்ச வேண்டாமா?

இண்டர்நெட் போட்டியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கட்டத்தை ஆக்குகிற யந்திரத்துக்கு அதைத் தீர்க்கவும் தெரியும். அவரவர் வீட்டில் உட்கார்ந்து போடும் போட்டியில், பக்கத்தில் டெலிபோனில் ஒரு தீர்க்கும் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவர் காப்பியடித்தால் யார் பார்ப்பது? இறுதிச் சுற்றை நேரில் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். இங்கேயும் கைவேலைக்காரர்கள் கொஞ்சம் உதவுகிறார்கள். மூலைவிட்டத்திலும் எண் திரும்பக் கூடாது, பக்கத்து அறைகளில் அடுத்தடுத்த எண் வரக் கூடாது என்று புதிது புதிதாக விதி கண்டுபிடிக்கிறார்கள். சாதாரணக் கட்டத்துக்கு என்று எழுதிய திட்டம் அதைக் கண்டு விழிக்கும்.

அப்படிப் புதிய விதியோடு பிறந்த ஒரு கட்டம் 2020 மே மாதம், கொரோனாவால் உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயத்தில் வெளிவந்தது. ஆக்கியவர் மிட்செல் லீ. 81 அறைகளில் கொடுத்த எண்கள் இரண்டே இரண்டு: ஒரு 1, ஒரு 2. சதுரங்கத்தில் ராஜாவோ குதிரையோ ஒரே நகர்த்தலில் போகக்கூடிய அறைகளில் ஒரே எண் வரக் கூடாது. ஒட்டியிருக்கும் அறைகளில் அடுத்தடுத்த எண் கூடாது என்று கூடுதல் விதிகள். இங்கிலாந்தில் யூடியூபில் தினமும் புதிர் போட்டுக் காட்டும் சைமன் ஆன்டனி அதைப் பார்த்துவிட்டு முதலில் யாரோ கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தார். பிறகு ஓர் எண் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே! சுடோகு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தை லட்சக் கணக்கில் பார்த்தார்கள்.

நீங்களே ஒன்று ஆக்கிப் பார்க்க ஆசையா? பெரிய காகிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சமச்சீராக 28 அறைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள்; முதல் முயற்சிக்கு அதற்குக் குறைய வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வட்டங்களில், ஒன்றோடொன்று முட்டாமல் மனசுக்குத் தோன்றிய எண்களை வையுங்கள். அதன் பிறகு ஒவ்வோர் எண் வைக்கும்போதும், அதனால் வேறு எந்தக் காலி அறை நிச்சயமாகிறது என்று பார்த்து அதைச் சின்ன எழுத்தில் குறித்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் டெலிபோனில் ஒரு சரிபார்க்கும் திட்டத்தில் போட்டுப் பாருங்கள். விடையே இல்லை என்றால் எங்கேயோ முட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் போய்த் தேட வேண்டியதுதான். இரண்டு விடை வந்தால் கவலை இல்லை; இரண்டிலும் வேறுபடுகிற ஓர் அறையில் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். சமச்சீர் கெட்டுவிடுமே என்று தோன்றினால் எதிர்ப்புறத்து அறையிலும் ஒன்று. அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, அடுக்களைக் கதவோரம் நின்று, எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைக்கிறார் என்று பாருங்கள்.